யாருக்கும் உறவாகாத மகுரிட்டாவுக்கு

கடலைக் கண்ணால் அளந்தவரே! காற்றைக் கன்னத்தால் அளந்தவரே! அமைச்சரையும் ஆடு மேய்க்கத் தெரியாத அதிகாரியையும், பன்றிக்குட்டியையும் பள்ளி ஆசிரியரையும் ஒரே தராசில் ஏற்றி, ஒரே குரலில் எடை சொன்னவரே! அந்தத் தராசின் முள் சாய்ந்த பக்கம் தவிர வேறெந்தப் பக்கமும் இருபத்தாறு ஆண்டுகளாகச் சாயாதவரே! நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டில் ஒனோட்டோவா தீவின் ஓடுதள முகவராக வந்திறங்கி, இன்று மாலையோடு ஓய்வு பெறும் மதிப்பிற்குரிய மகுரிட்டா அவர்களே!

நாட்டின் விமான நிறுவனத்தில் உங்களோடு பணிபுரிந்த நாங்கள், செவ்வாய்க்கிழமை விமானத்தில் தலைநகர் தாராவாவிலிருந்து வந்து, ஊர் கூடும் இந்த மனேயாபாவின் பாயில் முறைப்படி கால் மடக்கி அமர்ந்து, தலையில் நீங்கள் சூட்டிய பூமாலையோடு வாசித்து வழங்கும் மடல் இது. உங்களுக்கு மாலை சூட்ட வந்தவர்களுக்கு நீங்களே மாலை கட்டி வைத்திருந்தீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறது எங்கள் மனக்குறை.

வெள்ளிக்கிழமை விமானத்தில் நீங்கள் போகிறீர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஓடுதளத்து ஓரத்து வீடு நிறுவனத்தின் வீடு. புதிய முகவர் அதே விமானத்தில் வந்து இறங்குகிறார். இந்தத் தீவில் பாய் விரிக்க இடம் வேண்டுமென்றால் யாருக்காவது உறவாக இருக்க வேண்டும். நீங்கள் யாருக்கும் உறவில்லை. தாராவாவில் தம்பி மகன் வீடு இருக்கிறது. அவனை நீங்கள் கடைசியாகப் பார்த்தபோது அவனுக்குப் பல் முளைத்திருக்கவில்லை.

சென்ற வாரம் காலை வானொலித் தொடர்பில், தாராவா அலுவலகத்தின் வானொலி அறையிலிருந்து கபோவா உங்களிடம் கேட்டார்.

"அக்கா, அங்க போய் என்ன பண்ணப் போறீங்க?"

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துக்கிட்டு இருப்பேன்."

"பாத்து யாருக்குச் சொல்லுவீங்க?"

 நீங்கள் சொன்னீர்கள்: "இங்கயே இருந்துடலாம்னுதான் ஆசை, கபோவா. ஆனா அதுக்கு யார்கிட்டயாவது கேக்கணும். எனக்குக் கேக்கத் தெரியாது."

நம் நிறுவனத்தின் அலைவரிசையில் பேசுவது தனிப்பேச்சு அல்ல என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? எல்லாத் தீவுகளின் முகவர்களும் அதைக் கேட்டார்கள். யாரும் அன்று காலை தங்கள் வானிலையைச் சொல்ல முன்வரவில்லை. அதனால்தான் இத்தனை பேர் வந்திருக்கிறோம்.

மகுரிட்டா அவர்களே, இனிச் சிறிது நேரம் உங்களைப் பார்த்துப் பேசப் போவதில்லை. முகத்துக்கு நேரே ஒரு நல்ல சொல் சொன்னால் நீங்கள் எழுந்து ஓடுதளத்தில் புல் பிடுங்கப் போய்விடுவீர்கள் என்பது நாங்கள் பட்டறிந்தது. ஆகவே அவையைப் பார்த்து, அன்றைய மகுரிட்டாவை 'அவள்' என்றே சொல்லிப் பேசுகிறோம். நீங்கள் இங்கே இல்லாத ஒருவரைப் போலக் கேட்டுக்கொண்டிருங்கள். அது உங்களுக்குப் பழக்கமானதுதான்.

அவையோரே! நம் நிறுவனம் தொடங்கியபோது அதனிடம் இருந்தவை இறக்கையில் இரண்டும் வாலில் ஒன்றுமாக மூன்று இயந்திரம் பூட்டிய ஒரு விமானமும், அதன் வாலில் தீட்டிய, நாட்டுக் கொடியில் இருக்கும் கொடிப்பறவையும்தான். பெட்ரோல் பீப்பாய்கள் கப்பலில் வந்து, பவளப்பாறைக்கு வெளியே கடலில் தள்ளப்பட்டு, நீந்திப் போனவர்களால் கரைக்கு உருட்டி வரப்பட்டன. ஓடுதளத்தை இந்தத் தீவின் பெண்கள்தான் கூடை கூடையாகப் பவளக்கல் சுமந்து போட்டார்கள். விமானம் வரும்போது பன்றிகளையும் பிள்ளைகளையும் விரட்ட, சீமைப்பலா மரத்தில் காலி எரிவாயு உருளை ஒன்றைத் தொங்கவிட்டு இரும்புக் கம்பியால் அடிப்பார்கள். இன்றைக்கும் அதே உருளைதான்.

எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. அன்றைக்கு இங்கே முகவராக இருந்தவர் இந்தத் தீவின் பிள்ளை. நல்லவர், இப்போது இல்லை. அவரிடம் அத்தையும் சித்தப்பாவும் மைத்துனரும் வந்து, 'புபூசி' என்ற அந்தச் சொல்லைச் சொன்னார்கள். அந்தச் சொல்லின் பலம் இந்த அவைக்குத் தெரியாததா? உறவுக்காரர் அதைச் சொல்லிக் கேட்டுவிட்டால் சைக்கிளானாலும் சட்டையானாலும் கழற்றிக் கொடுத்தாக வேண்டும். மறுத்தவர் பிறகு இந்த மனேயாபாவுக்குள் தலை நிமிர்ந்து வர முடியாது. சைக்கிளைக் கொடுத்தவர் நாளைக்கு வேறொன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். விமானத்தின் இருக்கையை எப்படித் திருப்பிக் கேட்பது? பாவம், அவர் கொடுத்துக்கொண்டே இருந்தார். மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்கள் சீமைப்பலா மரத்தடியில் பாய் போட்டுக் காத்துக் கிடந்தார்கள்.

விமானி இயோவானே தாராவாவுக்குத் திரும்பி வந்து சொன்னது இன்றும் எங்கள் அலுவலகத்தில் சிரித்துச் சொல்லப்படுகிறது: "பின்னால திரும்பிப் பாக்கறேன். உக்காந்திருக்கற அத்தன பேருக்கும் ஒரே மூக்கு!"

ஆகவே நிறுவனம் ஒரு முடிவெடுத்தது. தெற்கே ஒரு வடக்கத்தி ஆளை அனுப்புவது. ஊரில் ஓர் உறவும் இல்லாத ஆளை. வடக்குத் தீவான புட்டாரிட்டாரியில் பிறந்து, தாராவா அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த மகுரிட்டாவுக்கு அப்போது முப்பதுக்கு உட்பட்ட வயது. ஒரு பெட்டி, ஒரு கொசுவலை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. வந்து இறங்கிய அன்றே பெரியவர்கள் இந்த இடத்தில் உட்காரவைத்து, நம் முறைப்படி கேட்டார்கள்.

"யாரு வீட்டுப் பொண்ணும்மா நீ? தாத்தா பேரு என்ன?"

எந்தத் தீவுக்காரரானாலும் நான்கு தலைமுறை மேலே போனால் எங்காவது ஒரு முடிச்சு கிடைத்துவிடும் என்பதை அவள் அறிவாள். முடிச்சு கிடைத்தால் உறவு. உறவு வந்தால் அந்தச் சொல்லும் பின்னாலேயே வரும்.

"நான் பிளேனோட ஆளு, பெரியவரே" என்றாள்.

"பிளேனுக்குத் தாத்தா கிடையாதா?"

கூரை அதிரச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் தாத்தாவின் பெயரைச் சொல்லவில்லை.

ஆனாலும் முதல் வருடம் அவள் ஒரு தவறு செய்தாள். மழைநாள் ஒன்றில் பக்கத்து வீட்டில் கூப்பிட்டார்கள் என்று போய், சுட்ட சீமைப்பலாவும் தேங்காய்ப்பாலும் சாப்பிட்டுவிட்டு வந்தாள். அவ்வளவுதான். அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த வீட்டிலிருந்து ஆறு பேர், பெட்டி, பாய், கட்டிய கோழி சகிதம் ஓடுதளத்துக்கு வந்து நின்றார்கள்.

"உங்க பேரு பதிவுல இல்லையே" என்றாள் மகுரிட்டா.

"பதிவா? அன்னிக்கு எங்க வீட்டுல சாப்பிட்டியே! எங்க அம்மா ஊட்டாத குறையா ஊட்டினாங்களே!"

"அதுக்காக…"

"அதுக்காகத்தான்!"

அன்றைக்கு அவர்களைத் திருப்பி அனுப்ப அவள் பட்ட பாட்டை அந்தக் குடும்பத்தார் இப்போது நினைத்துச் சிரிப்பதைப் பார்க்கிறோம். அவளுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு இந்தத் தீவில் எந்த வீட்டிலும் அவள் கை நனைத்ததில்லை. யாராவது மீன் கொண்டுவந்து வைத்தால், திரும்பக் கொண்டுபோய் அவர்கள் வாசலில் வைத்துவிட்டு வருவாள். விருந்து நாட்களில் ஒவ்வொரு குடும்பமும் தனக்குரிய தூணருகே உட்கார, அவள் எந்தத் தூணுக்கும் சேராமல், கூரைநீர் சொட்டும் ஓரத்தில், வீட்டிலிருந்து கொண்டுவந்த தகரத் தட்டில், வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றையும் டப்பா மீனையும் சாப்பிடுவாள். பாட்டு தொடங்கினால் தாளம் போடுவாள். எழுந்து ஆடச் சொன்னால் மாட்டாள். 'வடக்கத்தித் திமிர்' என்று பேசியவர்களும் இந்த அவையில் இருக்கிறார்கள். அவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. கையில் தட்டோடு விருந்துக்கு வருகிற ஒருத்தியை வேறு என்னவென்று சொல்வது?

ஆனால் சின்ன விமானத்தில் ஏறுகிற ஆளையும் மூட்டையையும் எடை போடும் தராசடியில் அவள் தனியாள் இல்லை. எடையை உரக்கச் சொல்ல வேண்டும் என்பது அவள் தானாக வைத்துக்கொண்ட விதி. அப்போதுதான் யாருக்கும் சந்தேகம் வராது. அதனால் செவ்வாயும் வெள்ளியும் ஊரே அங்கே கூடிவிடும். பயணம் போகிறவர்கள் பாதி, வேடிக்கை பார்க்கிறவர்கள் பாதி. விடுதலை நாள் விருந்து முடிந்த வாரம் என்றால் கேட்கவே வேண்டாம்.

"எண்பத்து மூணு!"

"ஏய் வடக்கத்திக்காரி, மெதுவாச் சொல்லுடி! என் புருஷனுக்கே தெரியாத கணக்கு அது." இது தங்கிரா அக்கா. இந்தத் தீவில் இவரைவிட உரக்கப் பேசக்கூடியது அந்த எரிவாயு உருளை ஒன்றுதான்.

"போன தடவை எழுபத்தொன்பது, அக்கா."

"உன் தராசுக்கு வயசாயிடுச்சு. உப்புக்காத்துல அதுக்கு முட்டி தேஞ்சு கெடக்கு."

"ஒரு காலைத் தூக்கிப் பாருங்க அக்கா, பாதி குறையும்!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

தங்கிரா அக்கா உண்மையிலேயே ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, முள்ளைக் குனிந்து பார்த்தார். மகுரிட்டா முகம் மாறாமல், "எண்பத்து மூணு. மீன் கூடை தனி" என்றாள்.

அந்தத் தங்கிராவின் தம்பிதான் பவுரோ. அவரைப் பற்றிச் சொல்லலாமா கூடாதா என்று எங்களுக்குள் விவாதம் நடந்தது. ஊருக்கே தெரிந்ததை மடலில் மறைப்பது மடலுக்கு அழகல்ல என்று முடிவு செய்தோம்.

பவுரோ மீன்பிடிக்கிறவர், மனைவியை இழந்தவர். பல மாதம், பெட்ரோல் பீப்பாய் உருட்ட யாரும் கூப்பிடாமலே வந்தார். கூலி வாங்கிக்கொண்டார், வாங்காவிட்டால் அவள் உருட்ட விடமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். ஒரு சாயங்காலம் பீப்பாயின் மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"நீ சரின்னு சொன்னா எனக்கு ஒரு பொண்டாட்டி. உனக்கு இருநூறு சொந்தம்."

"அந்த இருநூறு பேரும் ஒரே வெள்ளிக்கிழமை தாராவா போகணும்பாங்க."

"வேலைய விட்டுடேன்."

"விட்டா அடுத்து யாரு வருவா? உங்க மாமா பையனப் போடுவாங்க. அப்புறம் வானத்துல உங்க மூக்கு மட்டும்தான் பறக்கும்."

பவுரோ சிரித்தார்.  அவர் நினைத்திருந்தால் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டிருக்கலாம். அவளை அது கட்டுப்படுத்தாது என்றாலும் சொல்லியிருக்கலாம். கடைசிவரை அவர் அதைச் சொல்லவில்லை. அந்த மரியாதையை அவள் மறந்ததில்லை என்பதை இயோவானே மட்டும் அறிவார். அடுத்த ஆண்டு, வெளிநாட்டுக் கப்பலில் வேலை கிடைத்து, பவுரோ வெள்ளிக்கிழமை விமானத்துக்கு வந்தார். பதிவில் அவர் பெயர் முறையாக இருந்தது. தராசில் ஏறி நின்றார். அவள் முள்ளைப் பார்த்து, வழக்கம் போல் உரத்த குரலில் எடையைச் சொன்னாள். கூட்டத்தில் அன்று யாரும் கேலி செய்யவில்லை. கதவைச் சாத்தும்போது இயோவானே பார்த்தார்: அவள் பெட்ரோல் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள், சுருட்டி முடித்ததை அவிழ்த்து மறுபடியும் சுருட்டினாள். பவுரோ கப்பல் வேலை முடிந்து இப்போது தாராவாவில் குடும்பம் நடத்துகிறார். நலமாக இருக்கிறார்.

ஒவ்வொரு நாளும் காலையில் காற்று, மேகம், ஓடுதளத்தின் நிலை, ஏறப்போகிறவர்களின் எண்ணிக்கை ஆகிய நான்கைச் சொன்னால் போதும்; முகவரின் வேலை முடிந்தது. மகுரிட்டா ஐந்தாவதாக ஒன்றைச் சேர்ப்பாள்.

"தென்கிழக்குக் காத்து, லேசா. மேகம் உசரத்துல இருக்கு. ஓடுதளம் காஞ்சிருக்கு. நடுவுல ஒரு நாரை நிக்குது, விரட்டினாலும் போக மாட்டேங்குது."

"நாரை எத்தன கிலோ அக்கா?"

"தராசுல ஏறினாத்தானே தெரியும்? பதிவு பண்ணாம வந்திருக்கு."

ஒரு முறை விமானத்தின் ஒரு பாகம் பழுதாகி, புதியது வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்கில் ஆனது. நாடு முழுவதும் ஒரு விமானமும் பறக்கவில்லை. கொடிப்பறவை தாராவாவின் போன்ரிக்கி விமான நிலையத்தில் கொட்டகைக்குள் வாலைக் காட்டியபடி நின்றது. வானிலை சொல்லத் தேவையில்லை என்று எல்லா முகவர்களுக்கும் செய்தி போயிற்று. எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். ஒனோட்டோவாவிலிருந்து மட்டும் ஒவ்வொரு காலையும் குரல் வந்தது: காற்று, மேகம், ஓடுதளம் காய்ந்திருக்கிறது. ஏறுவோர் யாரும் இல்லை. பிறகு அன்றைக்குப் பார்த்த ஏதாவது ஒன்று: கரையொதுங்கிய போத்தல், மேற்கே ஒரு வெளிச்சம், பாதையைக் கடந்த நண்டு. வராத விமானத்துக்கு வானிலை சொல்கிறவரிடம், வேண்டாம் என்று சொல்லக் கபோவாவுக்கு மனம் வரவில்லை. எழுதி வைத்துக்கொள்வதாகச் சொன்னார். எழுதவில்லை. உட்கார்ந்து கேட்டார்.

அவையோரே, இதுவரை சொன்னதில் பெரும்பகுதி உங்களுக்குத் தெரியும். இனிச் சொல்லப் போவது தெரியாது. சொல்லக் கூடாது என்று மகுரிட்டா எங்களிடம் வாக்கு வாங்கியிருந்தாள். அவள் முகவராக இருக்கும்வரை காப்போம் என்று கபோவா வாக்குக் கொடுத்தார். இன்று மாலையோடு மகுரிட்டா முகவர் இல்லை.

மேல்காற்றுக் காலம். எதிர்க்காற்றில் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். பெட்ரோல் கூடினால் ஆள் குறைய வேண்டும். அன்று ஒனோட்டோவாவிலிருந்து ஒரே ஒருவரைத்தான் ஏற்ற முடியும் என்று தாராவாவிலிருந்து சொன்னார்கள். காத்திருப்போரில் முதல் பெயர் தங்கிரா அக்காவினுடையது. அவருடைய மகளுக்குத் தாராவா மருத்துவமனையில் பிரசவ வேளை. முந்தைய இரண்டு விமானங்களில் நோயாளிகளுக்காக அவரை இறக்கிவிட்டிருந்தார்கள். கபோவா அதைச் சொல்லி முடித்த பிறகு, குரலைத் தாழ்த்தி இன்னொரு செய்தி சொன்னார்.

"அக்கா… புட்டாரிட்டாரியிலேந்து தகவல். அம்மா போயிட்டாங்க. விடியக்காலையில."

இரைச்சல்.

"அக்கா, கேக்குதா?"

"கேக்குது."

"விதிப்படி நீங்க ஏறலாம். வீட்டுல சாவுன்னா ஊழியருக்குத்தான் முதல் இடம். நாளன்னிக்கு வடக்கே போற பிளேன்ல வச்சிடறேன். அடக்கத்துக்கு வச்சிருப்பாங்க."

"காத்து மேக்கே, பலமா இருக்கு" என்றாள் மகுரிட்டா. "மேகம் தாழ்வா. ஓடுதளத்துல தண்ணி நிக்குது, தெக்கு முனையில மட்டும். ஏறுறவங்க ஒருத்தர். தங்கிரா."

"அக்கா!"

"ஒருத்தர்கிட்டயும் சொல்லாத, கபோவா. இங்க ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

"ஏன் அக்கா? தெரிஞ்சா அவங்களே விட்டுக் குடுப்பாங்களே!"

"அதனாலதான். அவங்க எனக்கு விட்டுக் குடுத்தாலும் சரி, நான் அவங்களுக்கு விட்டுக் குடுத்தேன்னு தெரிஞ்சாலும் சரி, அதோட நாங்க சொந்தம். அப்புறம் அவங்க கேட்டா நான் எப்படி இல்லைன்னு சொல்லுவேன்?"

விமானம் இறங்கியது. செய்தியோடு வந்த இயோவானே கீழே குதித்து, "ஏறுங்க அக்கா" என்று மெல்லச் சொன்னார். அவள் அவரைக் கடந்துபோய், தங்கிரா அக்காவைத் தராசில் நிறுத்தினாள். கண் சிவந்திருந்ததை அக்கா பார்த்துவிட்டார்.

"ஏன்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? இந்தத் தடவை என்னைத் தடுக்க முடியலேன்னு வயித்தெரிச்சலா?"

"எழுபத்தாறு" என்றாள் மகுரிட்டா உரத்த குரலில்.

"கேட்டீங்களாடி! இளைச்சுட்டேன்! மகளை நெனச்சு நெனச்சு இளைச்சுட்டேன். பெத்தவளோட கஷ்டம் ஒத்தக் கட்டைக்கு எப்படித் தெரியும்?"

கூட்டம் சிரித்தது. தங்கிரா அக்கா கையசைத்துக்கொண்டே ஏறினார். பேரனைக் கையில் வாங்கினார். அந்தப் பேரன் இன்று கப்பற்பள்ளியில் படிக்கிறான். புட்டாரிட்டாரியில் ஒரு தாய், மூத்த மகள் இல்லாமல் அடக்கமானார்.

மறுநாள் காலை, ஒனோட்டோவாவிலிருந்து குரல் வந்தது. காற்று, மேகம், ஓடுதளம், ஏறுவோர். ஐந்தாவதாக எதுவும் இல்லை. அப்புறம் வேறொரு தீவின் முகவர், விதிக்கு மாறாக, அலைவரிசையைத் திறந்து அடக்கப் பாட்டின் முதல் வரியைப் பாடினார். இன்னொரு தீவிலிருந்து இரண்டாம் வரி வந்தது. இப்படி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், இரைச்சலுக்கு நடுவே, பாட்டு முழுவதையும் பாடி முடித்தோம்.  பாட்டு முடியும்வரை அவள் கருவியை அணைக்கவில்லை.

மதிப்பிற்குரிய மகுரிட்டா அவர்களே! இப்போது மீண்டும் உங்கள் பக்கம் திரும்புகிறோம். எழுந்து போகவில்லை என்றால், எங்கள் மடலைப் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி. வாக்கை மீறியதற்குக் கபோவா பொறுப்பேற்கிறார். அவரை நீங்கள் என்ன வேண்டுமானாலும் திட்டலாம், அலைவரிசையில் அல்ல.

உங்கள் நேர்மையை நாடு அறியும். நீங்கள் வந்த பிறகு, இந்தத் தீவிலிருந்து மருத்துவமனைக்குப் போக வேண்டிய ஒருவர்கூட, வேறொருவரின் உறவுக்காக மரத்தடியில் விடப்பட்டதில்லை. அந்த நேர்மை எதைத் தின்று வளர்ந்தது என்பதை நாங்கள் மட்டும் அறிவோம். எங்களுக்கு அது பெருமையாகவும் இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது. உறவில்லாத ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டது நிறுவனம். நீங்கள் அதைவிட ஒரு படி மேலே போய், உறவே வராத ஆளாக இருந்து காட்டினீர்கள். இனி அது தேவையில்லை. தராசு புதியவரின் கையில். உங்களிடம் எவர் எதைக் கேட்டாலும் கொடுக்கலாம். கொடுக்க இருக்கைகள் இல்லை, அவ்வளவுதான்.

நீங்களும் கேட்கலாம்.

அது உங்களுக்குத் தெரியாது என்றீர்கள். எங்களுக்கும் சொல்லித்தரத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து மூச்சு விடுவது போலச் செய்துவந்த காரியத்தை எப்படி விளக்குவது? ஆனால் தங்கிரா அக்கா தன் குடும்பத்துக்குரிய தூணருகே, நாங்கள் இந்த வரியை வாசிக்கும்போது, உட்கார்ந்திருப்பார். அவருக்கு இன்றுதான் தெரியும், அன்றைய இருக்கை யாருடையது என்று; உங்கள் கணக்குப்படி, தெரிந்ததோடு நீங்கள் இருவரும் சொந்தம். இந்த நேரத்தில் அவர் பேசாமல் இருந்தால், ஒனோட்டோவாவின் வரலாற்றில் அது முதல் முறை. அவர் தானாகக் கொடுக்க மாட்டார். நம் முறையில், கேட்கத் தயங்கி நிற்கிறவருக்குக் கேட்காமல் கொடுப்பது கேட்கத் தெரியாதவர் என்று இகழ்வதாகும். கேட்டால் மறுக்கவும் மாட்டார். ஒரு பாய் அளவு நிலம், கூரை வேய நாலு கட்டு ஓலை, எது வேண்டுமானாலும். ஒரு வாய் சோறானாலும் சரி. சின்னதாகவே தொடங்குங்கள்.

உங்கள் கண்கள் தொலைதூர மேகத்தைக் காணும் கூர்மையோடும், உங்கள் முழங்கால்கள் பாயில் மடங்கி அமரும் வலுவோடும், உங்கள் குரல் கடல் தாண்டிக் கேட்கும் தெளிவோடும் நெடுங்காலம் நிலைக்கட்டும். உங்கள் தட்டில் அடுத்த வீட்டு மீன் விழட்டும். காலையில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று நீங்கள் சொல்ல, 'அதுக்கென்ன இப்போ' என்று எரிந்து விழ ஒருவர் உங்கள் பக்கத்தில் இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை விமானத்தில் உங்கள் பெயரில் ஓர் இருக்கை வைத்திருக்கிறோம். மரத்தடியில் காத்திருப்போர் எத்தனை பேர் இருந்தாலும் அதை யாருக்கும் தரமாட்டோம். விமானி கதவைச் சாத்தும்வரை அது உங்களுடையது. எங்கள் நிறுவனம் தோன்றிய நாளிலிருந்து எந்த முகவரும் எந்த விமானியும் வேண்டாத ஒன்றை இன்று ஒருமித்து வேண்டுகிறோம்: அந்த இருக்கை காலியாகப் பறக்கட்டும்.

இங்கே நிறுத்துகிறோம். நீங்கள் பேசுங்கள்.

என்றும் உங்கள் அலைவரிசையில்,
விமானிகள், பொறியாளர்கள், தாராவா அலுவலக ஊழியர்கள் மற்றும் எல்லாத் தீவுகளின் முகவர்கள்
ஒனோட்டோவா மனேயாபா